இடது, வலது, மறுபடி இடது

முகமூடியை மாட்டிய பிறகுதான், தான் மூக்குக்கண்ணாடி போடுகிற ஆள் என்பது மெர்வின் கோவாச்சுக்கு ஞாபகம் வந்தது. கண்ணாடியைக் கழற்றினால் படம் தெரியாது. முகமூடியைக் கழற்றினால் ஊருக்கே அவனைத் தெரிந்துவிடும். சரி, இரண்டும் இருக்கட்டும் என்று ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டிப் பார்த்தான். ஒரு மூச்சு விட்டதும் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, எதிரே இருந்த குப்பைத் தொட்டி யாரோ குந்தியிருப்பதுபோலத் தெரிந்தது.

மெரிடியன் தியேட்டருக்குப் பின்னால், காருக்குள், மழை பெய்யும் வெள்ளிக்கிழமை மத்தியானத்தில் ஐம்பது வயசு ஆள் ஒருவன் இப்படி அவஸ்தைப்பட வேண்டிய அவசியம் என்ன என்று கேட்கலாம். அவசியம் ஒன்றுமில்லை. படம் பார்க்க ஆசை, அவ்வளவுதான். ஆனால் அந்தப் படத்தை யாரும் பார்க்கக் கூடாது என்று தியேட்டர் வாசலிலேயே நோட்டீஸ் ஒட்டியவன் அவன்தான்.

எங்கள் டொலிடோவில் திகில் படம் பார்க்கிற யாருக்கும் மெர்வினைத் தெரியாமல் இருக்காது. கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை. ஆனால் அது அவனுக்குப் பகுதி நேரம் மாதிரிதான். முழு நேரமும் அவன் அசல் திகில் படப் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவன். புதன்கிழமைதோறும் பவுலிங் கூடத்தின் பின்னறையில் சங்கம் கூடும். பழைய படத்தை எவனாவது திரும்ப எடுத்தால் அதைப் பார்க்கக் கூடாது என்பது சங்கத்தின் ஒரே சட்டம்.

இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று வருகிறவற்றை மட்டும் சங்கம் மன்னித்துவிடும். "பார்ட் டூங்கறது சொந்தக்காரன் மாதிரி. பிடிக்கலைன்னாலும் வீட்டுக்குள்ள விட்டுத்தான் ஆகணும். ரீமேக்குங்கறது எங்கப்பா சட்டையைப் போட்டுக்கிட்டு வந்து, நான்தான் உங்கப்பான்னு சொல்றவன்" என்று மெர்வின் ஒவ்வொரு கூட்டத்திலும் பேசுவான். ஒவ்வொரு கூட்டத்திலும் கை தட்டுவார்கள்.

இந்தத் தடவை திரும்ப எடுத்திருப்பது வேறு எதையுமல்ல, 'வாசலில் நாலு பாட்டில்' படத்தை. வேறு பாட்டில் என்று நினைத்துவிட வேண்டாம், பால் பாட்டில். வெள்ளைத் தொப்பியும் சிரித்த முகமூடியுமாக ஒரு பால்காரன் விடியற்காலையில் வருவான். பாட்டில்களை வாசலில் சத்தமில்லாமல் வைப்பான். பிறகு உள்ளே போய் வீட்டில் இருப்பவர்களைக் கொன்றுவிட்டு, காலி பாட்டில்களை எடுத்துக்கொண்டு போய்விடுவான். ஏன் கொல்கிறான் என்று கடைசிவரைக்கும் சொல்ல மாட்டார்கள். அதற்கு ஐந்து பாகங்கள் வந்தன. மூன்றாவதில் பால் நம் மூஞ்சிமேல் தெறிக்கிற மாதிரி எடுத்திருந்தார்கள். நாலாவதில் பால்காரன் விண்வெளிக்கே போய்விட்டான். சங்கத்துக்காரர்கள் அதையும் பத்துத் தடவை பார்த்தவர்கள்.

ஆனால் முதல் படத்தில் ஒரு விஷயம் உண்டு. கொல்லப் போகிற பால்காரன், வாசலில் கிடக்கும் மிதியடியில் நின்று காலைத் துடைப்பான். இடது, வலது, கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடி இடது. கொல்லப் போகிறவனுக்கு இவ்வளவு மரியாதை எதற்கு என்று நினைக்கும்போதுதான் பயமே வரும். இந்தத் துடைப்பு சங்கத்துக்காரர்களுக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. எந்த மிதியடியைக் கண்டாலும் அவர்கள் கால் தானாகவே இடது, வலது, மறுபடி இடது என்று போகும். ஹார்வி லிண்ட்குவிஸ்ட் தன் மாமனார் இறந்த வீட்டு வாசலில்கூட அப்படித் துடைத்து, மனைவியிடம் மாட்டிக்கொண்டான்.

புதுப் படத்தின் விளம்பரத்தில் பால்காரன் சேற்றுக் காலோடு நேராக உள்ளே போனான்.

அதைப் பார்த்த அன்றே சங்கம் தடை போட்டது. மெர்வினே நோட்டீஸை எடுத்துக்கொண்டு மெரிடியனுக்குப் போனான். தியேட்டரை நடத்துகிற மிஸஸ் ஹத்தாத் அதை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, உள்ளே போய் டேப் எடுத்துவந்து கொடுத்தாள். கோணலாக ஒட்டாதே என்று மட்டும் சொன்னாள். மறுநாளே அந்த நோட்டீஸுக்குப் பக்கத்தில் அவளுடைய நோட்டீஸ் ஒன்று வந்தது. முதல் காட்சிக்குப் பால்காரன் முகமூடியோடு வருகிறவர்களுக்குப் பாப்கார்ன் இலவசம், முகமூடிப் போட்டியும் உண்டு என்று.

அதைப் படித்ததிலிருந்துதான் மெர்வினுக்குத் தூக்கம் போயிற்று. திட்டுவதற்காவது படத்தைப் பார்க்க வேண்டாமா என்று முதலில் தோன்றியது. பிறகு, முகமூடி போட்டுக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று தோன்றியது. கெட்ட புத்தி எப்போதும் இரண்டு தவணையாகத்தான் வரும்.

அவனுடைய பயம் தலைவர் பதவி போய்விடும் என்பதல்ல. ரஸல் டபின் என்ன சொல்வான் என்பதுதான். ரஸல் சங்கத்தின் செயலாளர். பள்ளிக்கூட நாளில் மெர்வினோடு சேர்ந்து வகுப்புக்கு மட்டம் போட்டவன். அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் மெரிடியனில் ஆறாவது வரிசையில் நடு இருக்கைகள் இரண்டும் அவர்களுடையவை. மெர்வினுக்குக் கல்யாணம் ஆகி, பிறகு இல்லாமலும் ஆயிற்று. விவாகரத்து ஆன மறுநாளும் ரஸல் வழக்கம்போல வாசலில் வந்து ஹாரன் அடித்தான். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. ஒரு ஜோம்பிப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். மெர்வினுக்கு அதுதான் தேவையாக இருந்தது.

அதே ரஸல், ஒரு ரீமேக்கைப் பார்த்தான் என்பதற்காகச் சொந்தத் தம்பியோடு இரண்டு வருஷம் பேசாமல் இருந்தவன். பக்கத்து இருக்கை காலியாகிவிட்டால் தனக்கு இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள் என்று மெர்வின் நினைக்காமலில்லை. இருந்தாலும் வந்துவிட்டான்.

எதற்கும் ரஸல் எங்கே இருக்கிறான் என்று தெரிந்துகொண்டு இறங்கலாம் என்று போன் போட்டான். முகமூடியின் பட்டை காதில் சிக்கியிருந்ததால் கழற்றாமலே பேச வேண்டியதாயிற்று.

"என்னடா, கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு?" என்றான் ரஸல்.

"பல்வலிடா. கன்னம் வீங்கிப்போச்சு. டாக்டர்கிட்ட போயிட்டிருக்கேன். உன் குரலும் அப்படித்தான இருக்கு?"

"வயிறு சரியில்ல. போர்வையை இழுத்து மூடிட்டுப் படுத்திருக்கேன். எந்த டாக்டர்?"

இந்தக் கேள்விக்கு மெர்வின் தயாராக வரவில்லை. வாயில் வந்த ரோட்டுப் பெயரைச் சொன்னான். அங்கேதான் தன் அக்கா மகள் வேலை பார்ப்பதாகவும், ஒரு வார்த்தை சொன்னால் நன்றாகக் கவனிப்பாள் என்றும் ரஸல் சந்தோஷமாகச் சொன்னான்.

"வேணாம் வேணாம். அந்த டாக்டர் இல்ல. இவர் மிஷிகன்ல இருக்காரு."

"பல்லு புடுங்க மாநிலம் தாண்டிப் போறியா?"

"கை லேசுன்னு சொன்னாங்க."

பேச்சை மாற்றுவதற்காக, சாயங்காலம் சூப் வாங்கிக்கொண்டு வரட்டுமா என்று மெர்வின் கேட்டான். ரஸல் அலறிவிட்டான். தொற்றிக்கொள்ளுமாம், கதவையே திறக்க மாட்டானாம். மெர்வினுக்கு அப்பாடா என்றிருந்தது. வைப்பதற்கு முன்னால் ரஸல் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"இன்னிக்கி ஒரு நாள் தாண்டிட்டாப் போதும்டா. நம்ம ஆளுங்கள்ல எவனாவது போய்ப் பாத்தான்னு தெரிஞ்சுது, செத்தாலும் அவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

"நானுந்தான்" என்றான் மெர்வின், முகமூடிக்குள்ளிருந்து.

முன்வாசலுக்கு வந்ததும் முதல் கோபம் ஹார்விமேல் வந்தது. தடை அட்டையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்க வேண்டிய பொறுப்பு அவனுடையது. அட்டை விளக்குக் கம்பத்தில் சாய்ந்து மழையில் நனைந்துகொண்டிருந்தது. ஹார்வியைக் காணோம். ஒரு வேலையை நம்பி ஒப்படைக்க முடிகிறதா இந்தச் சங்கத்தில் என்று தலைவன் பல்லைக் கடித்தான். பிறகு, ஹார்வி இல்லாததும் ஒரு வகையில் நல்லதுதான் என்பது உறைத்தது.

வாசலில் பெரிதாக ஒரு புது மிதியடி போட்டிருந்தது. இடது, வலது, மறுபடி இடது என்று கால் அதன் வேலையைச் செய்துவிட்டது. அவனை இடித்துக்கொண்டு கேஸ் மீட்டர் பார்க்கிறவர் ஒருவர் சேற்றுக் காலோடு விறுவிறு என்று உள்ளே போனார். அவர் முகத்தில் மட்டும்தான் முகமூடி இல்லை.

டிக்கெட் கூண்டில் மிஸஸ் ஹத்தாத் உட்கார்ந்திருந்தாள். மெர்வினுக்கு மீசை முளைப்பதற்கு முன்னாலிருந்தே அவனுக்கு டிக்கெட் கிழிக்கிறவள். அவளை ஏமாற்றுவதற்காக அவன் ரேடியோவில் செய்தி வாசிப்பவரின் குரலைத் தயார் செய்து வைத்திருந்தான்.

"ஒரு டிக்கெட்."

"எங்க வேணும்?"

"ஆறாவது வரிசை நடுவுல" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். "இல்ல, எங்க வேணா குடுங்க."

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஆறாவது வரிசை நடுவிலேயே கிழித்துக் கொடுத்தாள். நல்ல இடம் என்றும் சொன்னாள்.

உள்ளே போன மெர்வின் அப்படியே நின்றுவிட்டான். தியேட்டர் முழுக்கப் பால்காரர்கள். வரிசை வரிசையாக வெள்ளைத் தொப்பி, வரிசை வரிசையாக அதே சிரிப்பு. மெரிடியனில் இப்படிக் கூட்டம் பார்த்து எத்தனையோ காலமாயிற்று. இந்த ஊரில் இவ்வளவு பேருக்கு மானமில்லையா என்று அவனுக்கு ஆத்திரம் வந்தது. நம் நோட்டீஸை ஒருத்தன்கூடப் படிக்கவில்லை என்று வருத்தமும் வந்தது. எழுத்தைப் பெரிதாக அடித்திருக்கலாம்.

அந்த முகமூடியில் வாய் இருக்கிற இடத்தில் சிரிப்புத்தான் இருந்தது, ஓட்டை இல்லை. இலவசப் பாப்கார்னை முகவாய்க்கட்டைக்குக் கீழே கைவிட்டு ஒவ்வொன்றாக மேலே தள்ள வேண்டியிருந்தது. சுற்றிலும் எல்லோரும் தாடி சொறிகிற மாதிரி அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள்.

பக்கத்து இருக்கைக்கு, ரஸலின் இருக்கைக்கு, பருமனான பால்காரன் ஒருவன் வந்து நின்றான். இது ஆள் இருக்கிற இடம் என்று சொல்லத்தான் மெர்வினுக்கு வாய் வந்தது. அந்த ஆளும் மெர்வினுடைய இருக்கையைப் பார்த்து எதையோ சொல்ல வந்தவன்போல நின்றான். இரண்டு பேருமே சொல்லவில்லை. அவன் உட்கார்ந்தான்.

படம் ஆரம்பித்தது. பயந்த மாதிரியே இருந்தது. பால்காரனுக்கு ஒரு சின்ன வயசுக் கதை வைத்திருந்தார்கள். அவனுக்குக் குழந்தையிலிருந்தே பால் ஒத்துக்கொள்ளாதாம். பள்ளிக்கூடத்தில் கட்டாயப்படுத்திக் குடிக்க வைத்தார்களாம். பக்கத்து ஆள் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"கொடுமை" என்றான் மெர்வின் ரேடியோக் குரலில்.

"அநியாயம்" என்றான் பக்கத்து ஆள். அவன் பேசியது பொம்மலாட்டத்து முதலைபோல இருந்தது.

அதன்பிறகு இருவரும் ஒற்றுமையாகத் திட்டிக்கொண்டு பார்த்தார்கள். பால் வண்டியின் நிறம் தப்பு. பாட்டில் மூடியும் தப்பு. முதல் வீட்டில் பால்காரன் மிதியடியை மதிக்காமல் நடந்தபோது தியேட்டர் முழுக்க ஒரு பெருமூச்சு கேட்டது. பரவாயில்லை, மானம் கெட்டவர்களுக்கும் கொஞ்சம் ரசனை இருக்கிறது என்று மெர்வின் நினைத்துக்கொண்டான்.

ஆனால் பாதிக்கு மேல் அவன் திட்டுவதை மறந்துபோனான். பாப்கார்ன் தள்ளுவதையும் மறந்துபோனான். படம் நன்றாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ள அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கடைசிக் காட்சியில், முதல் வீட்டில் தப்பித்த சின்னப் பெண் இப்போது நடு வயசுக்காரியாக இருட்டுக் கூடத்தில் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வெளியே பாட்டில்கள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம். பால்காரன் வாசலில் வந்து நிற்கிறான். மழை. அவன் குனிந்து மிதியடியைப் பார்க்கிறான், முதல் தடவையாகப் பார்க்கிறவன் மாதிரி.

இடது. வலது.

தியேட்டரில் ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

மறுபடி இடது.

மெர்வினின் கண்ணாடியில் படிந்தது இப்போது மூச்சு ஆவி மட்டுமல்ல. படம் முழுக்கச் சேற்றுக் காலோடு நடக்க விட்டதே இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான். எடுத்தவன் எவனோ, அவனும் நம்மில் ஒருவன்தான். விளம்பரத்தைப் பார்த்ததிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. பக்கத்துப் பால்காரன் மெர்வினின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தான். அது வலிக்கிறது என்பதுகூட மெர்வினுக்குத் தெரியவில்லை.

விளக்குப் போட்டதும் சந்தோஷம் வடிந்துவிட்டது. இதை அவன் யாரிடம் சொல்வான்? ஒவ்வொரு படத்துக்கும் பிறகு காரில் ஒரு மணி நேரம் பேசுவார்களே, அந்த ஆள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டில் படுத்திருக்கிறான். வாழ்நாளில் பார்த்த நல்ல காட்சிகளில் ஒன்று, அதை ரஸலிடம் சொல்ல முடியாது. போட்டி நடக்கப்போவதாக மிஸஸ் ஹத்தாத் மேடையேறி அறிவித்தபோது மெர்வினுக்கு ஓடிப்போனால் போதும் என்றிருந்தது. குனிந்தபடியே கழிப்பறைக்குள் புகுந்தான்.

அங்கே ஏற்கெனவே இரண்டு பால்காரர்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். மெர்வினும் கழுவ ஆரம்பித்தான். மூன்று பேருக்கும் முகமூடிக்குள் வேர்த்து ஊற்றியது. யாரும் கழற்றவில்லை. அடுத்தவன் போகட்டும் என்று ஒவ்வொருவனும் கையைக் கழுவிக்கொண்டே இருந்தான். பிறந்ததிலிருந்து மெர்வினின் கை அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

கதவை யாரோ தட்டினார்கள்.

"உள்ள இருக்கற பால்காரங்கல்லாம் வெளிய வாங்க" என்றாள் மிஸஸ் ஹத்தாத். "போட்டிக்கு மூணு பேர் வேணும். கூப்பிட்டா ஒருத்தர்கூட எந்திரிக்க மாட்டேங்கறாங்க. நீங்க மூணு பேரும் போதும்."

ஒளியப் போனவர்கள் மூன்று பேரும் மேடைக்கு வந்து சேர்ந்தார்கள். போட்டி சுலபம்தான். மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பால்காரனைப்போல நடக்க வேண்டும். ஜெயித்தவன் முகமூடியைக் கழற்ற வேண்டும், தியேட்டரின் இணையப் பக்கத்தில் போடுவதற்காகப் போட்டோ எடுப்பார்கள். மேடை நடுவில் ஒரு மிதியடி கிடந்தது.

தோற்றுப்போவது என்று மெர்வின் முடிவு செய்துவிட்டான். ஆனால் மற்ற இருவரும் அதற்குப் பெரிய போட்டியாக இருந்தார்கள். முதல் ஆள் வாத்துபோல நடந்துவந்து, மிதியடியைக் கண்டதும் பாம்பைப் பார்த்தவன்போல எகிறித் தாண்டினான். இரண்டாவது ஆள் அது இருக்கிற பக்கமே வராமல் திரையை ஒட்டிக்கொண்டு நகர்ந்து போனான். அசலைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஜன்மங்கள் என்று மெர்வின் உள்ளுக்குள் காறித் துப்பினான்.

தானும் அப்படித் தாண்டிப் போய்விடத்தான் நினைத்தான். நொண்டியும் பார்த்தான், கையை வீசியும் பார்த்தான். ஆனால் மிதியடியை நெருங்க நெருங்க அந்தக் கடைசிக் காட்சி கண்முன்னால் வந்துவிட்டது. மனுஷனால் எதைத்தான் அடக்க முடியும்? இடது, வலது. நிறுத்திவிடு என்று மனசு கெஞ்சியது. மறுபடி இடது.

 எங்கோ ஒருவர் கை தட்ட, அப்புறம் கூரை இடிகிற மாதிரி தட்டினார்கள். நாலு காலி பாட்டில் வைத்த மரப்பெட்டி ஒன்றைப் பரிசாக அவன் கையில் கொடுத்த மிஸஸ் ஹத்தாத், முகமூடியைக் கழற்றச் சொன்னாள்.

மெர்வின் பெட்டியோடு நின்றான். நாளைக் காலையில் போட்டோ ஊர் பூராவும் சுற்றும். வயிற்றுவலியோடு படுத்திருக்கிற ரஸல் போனைத் திறந்து பார்ப்பான். யாரோ சொல்லித் தெரிவதைவிட, எவனோ எடுத்த படத்தில் பார்ப்பதைவிட, என் வாயால் தெரியட்டும் என்று தோன்றியது. திட்டினால் திட்டட்டும். பேசாமல் போனால் போகட்டும். ஆனால் பால்காரன் கால் துடைத்ததை அவனிடம் சொல்லாமல் இனி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

"ஒரு நிமிஷம். ஒரு போன் பண்ணிக்கறேன்" என்று மிஸஸ் ஹத்தாத்திடம் சொல்லிவிட்டு ரஸலின் எண்ணை அழுத்தினான்.

ஆறாவது வரிசையில் பால் பாட்டில்கள் உரசுகிற சத்தம் கேட்டது. ரஸலுடைய போனின் மணி ஓசை அது. அந்தப் பருமனான பால்காரன் சட்டைப்பையை அறைந்தான், கால்சட்டைப் பையைத் தடவினான், கடைசியில் வேறு வழியில்லாமல் போனை எடுத்து முகமூடியின் ஓரத்தில் வைத்துக்கொண்டான்.

"ரஸல்" என்றான் மெர்வின்.

"சொல்லு." குரல் போனிலும் வந்தது, ஆறாவது வரிசையிலிருந்தும் வந்தது. முதலைக் குரல் போய்விட்டிருந்தது.

"வயிறு எப்படி இருக்கு?"

"பரவால்ல. பல்லு?"

"அதுவும் பரவால்ல."

 கிட்டத்தட்ட இருபதடி தூரத்தில் இருந்துகொண்டு ஒருவரையொருவர் போனைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ரஸலின் குரல் உடைந்தது.

"மெர்வின், அவன் காலைத் தொடைச்சான்டா."

"பாத்தேன்டா. உன் பக்கத்துலதான உக்காந்திருந்தேன்."

மெர்வின் முகமூடியைக் கழற்றினான். ரஸலும் கழற்றினான். இரண்டு பேர் முகமும் வேகவைத்த மாதிரி சிவந்து, நனைந்து போயிருந்தது. மிஸஸ் ஹத்தாத் போட்டோ எடுக்கவில்லை. கேமராவை இறக்கிவிட்டு, பேட்டரி தீர்ந்துவிட்டது என்றாள். கூட்டத்தில் யாரும் சிரிக்கவும் இல்லை, கேலி செய்யவும் இல்லை. முகமூடியைக் கழற்றாமலே, தலையைக் குனிந்துகொண்டு, ஏதோ அவசரம் இருப்பவர்கள்போலக் கிளம்பிப் போனார்கள். எவ்வளவு நாகரிகமான ஜனங்கள் என்று மெர்வினுக்கு அவர்கள்மேல் மதிப்பே வந்துவிட்டது.

ஆள் எல்லாம் போன பிறகு நண்பர்கள் இருவரும் ஆறாவது வரிசையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டில் மூடி தப்பு என்பதில் ரஸல் உறுதியாக இருந்தான். சின்ன வயசுக் கதையை வெட்டி எறிந்திருக்கலாம் என்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள். மற்றபடி எல்லாவற்றையும் மன்னித்துவிட்டார்கள். தம்பியிடம் இன்றைக்கே போய் மன்னிப்புக் கேட்கப்போவதாக ரஸல் சொன்னான். மெர்வினுக்கு உடம்பே லேசாகிவிட்டது. சனிக்கிழமைகள் பத்திரமாக இருந்தன. உலகத்தில் வேறு என்ன வேண்டும்.

"ஒண்ணு மட்டும்" என்றான் ரஸல் எழுந்துகொண்டே. "இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். புதன்கிழமை கூட்டத்துல படத்தை நல்லாத் திட்டிடலாம். பாவம், நம்ம பசங்க. நம்மளை நம்பித்தான் பாக்காம இருக்கானுங்க."

மெர்வினுக்கும் அதைக் கேட்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. இப்படி ஒரு படம் வந்திருக்கும்போது அத்தனை பேர் கொள்கைக்காக வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். தலைவனும் செயலாளரும் மட்டும் வந்து பார்த்துவிட்டார்கள். நல்லவேளை, சங்கத்துக்காரர் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

வெளியே மழை விட்டிருந்தது. மிஸஸ் ஹத்தாத் வாசல் மிதியடியைச் சுவரில் அடித்து உதறிக்கொண்டிருந்தாள். மெர்வின் அவள் பக்கத்தில் போய், குரலைத் தணித்துக்கொண்டு, எங்களை இங்கே பார்த்ததாகச் சங்கத்தில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அவர்களெல்லாம் ரொம்பக் கொள்கைப் பிடிப்பு உள்ளவர்கள், மனசு உடைந்துவிடும் என்றான்.

மிஸஸ் ஹத்தாத் உதறுவதை நிறுத்தினாள்.

"இன்னிக்கி இந்த வாசல்ல இடது, வலது, மறுபடி இடதுன்னு தொடைக்காம உள்ள போனது ஒரே ஒரு ஆளுதான் மெர்வின், அவரு கேஸ் மீட்டர் பாக்க வந்தவரு."